தார்ச்சாலையில் விரிசல்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு நெடுஞ்சாலை செல்லுகிறது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் அச்சாலையினின்றும் பிரிந்து உள்ளே சென்றால் மேல்சித்தாமூர் என்னும் ஊரை அடையலாம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்துள்ள ஊர் அது. பார்சுவநாதர் கோயிலும் அதன் தேர்த் திருவிழாவும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பவை. எனினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மடமும் அன்று, கோயிலும் அன்று. அவ்வூருக்குச் செல்லும்போது நம் காலடியில் கிடக்கும் தார்ச்சாலையே என் பேச்சுக்குப் பொருள்.

இச்சிறு பயணத்திலேயே நாம் இருவகைச் சாலைகளைக் காண்கிறோம். ஒன்று, இரவும் பகலும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. அதன்மேல் தார்க்கலவை கனமாகப் படிந்திருக்கிறது. மற்றொன்று ஊர்ச்சாலை. கிராமச் சாலைகளின் மேல் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய தார்ப் போர்வையே போடப்படுகிறது. இவ்விரண்டிலும் விரிசல் தோன்றுகிறது. "மழை பெய்தது, சாலை கெட்டது" என்று சிலர் கூறுவர். "லாரி ஓடியது, சாலை உடைந்தது" என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் பாதி உண்மைகளே. மீதிப் பாதியை அறிந்துகொள்ளாமையால்தான், ஒரே இடத்தில் ஆண்டுதோறும் தார் பூசுவதும், ஆண்டுதோறும் அது பெயர்ந்துபோவதும் நிகழ்கின்றன. நெல் மூட்டை ஏற்றிய வண்டியும், நோயாளியுடன் திண்டிவனத்துக்கு விரையும் வண்டியும், மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவியும் அதன் விலையைத் தருகிறார்கள். ஆதலால், ஒரு விரிசல் எங்கே பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, எப்போது பள்ளமாகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் தார் என்பது யாது? நாம் தார் என்று வழங்கும் பொருள், சரியாகச் சொல்லப்போனால், தார் அன்று. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சூடேற்றும்போது வடிவதே தார். சாலைக்கு இன்று பயன்படுவது, கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின் எஞ்சி நிற்கும் கரிய பிசின் போன்ற பொருள். நிலக்கீல் என்பது அதன் பெயர். வழக்கை ஒட்டி நாமும் அதைத் தார் என்றே அழைப்போம்.

இத்தகைய கீல்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில், தாமஸ் பார்னெல் என்னும் பேராசிரியர் 1927ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். கீலை உருக்கி ஒரு கண்ணாடிப் புனலில் வார்த்து, இறுகவிட்டு, 1930ஆம் ஆண்டில் புனலின் அடியைத் திறந்துவிட்டார். அதன்பின் 2014ஆம் ஆண்டு வரையில் அப்புனலிலிருந்து விழுந்தவை ஒன்பது துளிகளே. அதே கீலைச் சுத்தியால் அடித்தால் கண்ணாடி போலச் சிதறிவிடும். மெல்ல இழுத்தால் ஒழுகுகிறது. சட்டென்று தாக்கினால் உடைகிறது. சாலையில் இட்ட தாரும் இவ்வாறே நடக்கிறது. வெயிலில், நின்றுகொண்டிருக்கும் லாரியின் கீழ் அது மெல்ல அமுங்கிக் குழிகிறது. குளிர்ந்த வேளையில், விரைந்தோடும் சக்கரத்தின் கீழ் அது உடையும் தன்மையைக் காட்டுகிறது. குழிதல் ஒரு நோய். விரிதல் மற்றொரு நோய். இன்று நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

அடுத்து, சாலையின் உள்ளமைப்பைக் காண்போம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அடிமண். அதன்மேல் கிராவல் அடுக்கு. அதன்மேல் கப்பி எனப்படும் உடைகல் அடுக்கு. உச்சியில் ஜல்லியும் தாரும் கலந்த கலவை. லாரியின் ஓர் அச்சு 8 டன் சுமையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னச்சில் நான்கு டயர்கள் உள்ளன. ஆகவே ஒவ்வொரு டயரும் 2 டன் எடையை, ஒரு சாண் சதுரத்துக்கும் குறைவான இடத்தில் ஊன்றுகிறது. அந்த அழுத்தத்தை நேரே மண்ணின்மேல் வைத்தால் மண் நசுங்கிவிடும். மேலிருந்து கீழே போகப் போகச் சுமையை அகலமாகப் பரப்பி, அடிமண் தாங்கும் அளவுக்கு மென்மையாக்கித் தருவதே இவ்வடுக்குகளின் வேலை.

சக்கரம் மேலே ஏறும்போது இவ்வடுக்குகள் யாவும் சிறிது தாழ்கின்றன. அது கடந்து சென்றதும் மீண்டும் நிமிர்கின்றன. நம் கண்ணுக்குப் புலப்படாத வளைவு இது. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் நெருக்கமாகச் சில கோடுகளை மையால் இடுங்கள். இரு முனைகளையும் தாங்கி நடுவில் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். மேற்பகுதியில் கோடுகள் நெருங்கும். அடிப்பகுதியில் அவை விலகும். தார்ப் படலத்திலும் சக்கரத்தின் நேர் கீழே இதுவே நடைபெறுகிறது. அதன் மேல்முகம் நெருக்குண்கிறது, அடிமுகம் இழுபடுகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் தார்க்கலவை வல்லது. இழுப்பைத் தாங்குவதில் அது எளியது. ஆதலால், கனத்த தார்ப் படலமுள்ள நெடுஞ்சாலையில் முதல் விரிசல் பெரும்பாலும் அடிமுகத்தில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் பிறக்கிறது. டயரின் ஓரங்கள் மேற்பரப்பைப் பிடித்து இழுப்பதால் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் விரிசல்களும் உண்டு. ஆயினும் அடியிலிருந்து மேலேறும் விரிசலைத் தடுப்பதே பொறியாளர்கள் சாலையின் கனத்தைக் கணக்கிடும்போது கொள்ளும் முதற்கவலைகளில் ஒன்று.

அந்த இழுப்பு எவ்வளவு? ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்னும் அளவில் இருக்கலாம். இவ்வளவு சிறிய நீட்சி எப்படிச் சாலையை உடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முறை நீட்டினால் உடைக்காது. கம்பி ஒன்றை ஒரு முறை வளைத்தால் அது ஒடிவதில்லை. முன்னும் பின்னுமாக இருபது முறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. பொருள்களுக்கும் அயர்ச்சி உண்டு. மேல்சித்தாமூர்த் தேர் மிகப் பெரிய சுமைதான். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை உலா வந்து நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளோ நாளுக்கு ஆயிரக்கணக்கில் அச்சுகளைச் சாலையின்மேல் உருட்டிச் செல்லுகின்றன. ஒவ்வொரு முறையும் சாலை வளைகிறது. ஒவ்வொரு முறையும் அடிமுகத்தில் ஒரு சிறிது அயர்ச்சி சேருகிறது. சாலையின் ஆயுளை ஆண்டுகளால் மட்டும் அளவாமல், அதன்மேல் செல்லக்கூடிய அச்சுகளின் எண்ணிக்கையாலும் அளப்பதற்குக் காரணம் இதுவே.

இந்திய சாலைப் பேரவையின் வடிவமைப்பு நெறிகளில் காணப்படும் ஒரு சூத்திரம் இதை அழகாக விளக்குகிறது. அடிமுகத்தின் நீட்சியைப் பாதியாகக் குறைத்தால், சாலை தாங்கும் அச்சுகளின் எண்ணிக்கை இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ 15 மடங்காகிறது. படலத்தின் கனத்தில் சிறிது கூட்டுவதும், கீழடுக்குகளை உறுதியாக்குவதும் எத்துணைப் பயன் தரும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இனி, பிறந்த விரிசல் எவ்வாறு வளர்கிறது? துணிக்கடைக்காரர் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுத் துணியைக் கைகளால் பிடித்து இழுத்தால் அது கிழிவதில்லை. ஓரத்தில் கத்திரியால் ஒரு சிறு வெட்டு இட்டு இழுத்தால், துணி நேராகக் கிழிந்துகொண்டே போகிறது. அந்த வெட்டின் முனையில் இழுப்பு முழுவதும் வந்து குவிகிறது. 1913ஆம் ஆண்டில் சார்லஸ் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஓர் உலோகத் தகட்டில் நீள்வட்டத் துளை ஒன்று இழுப்புக்குக் குறுக்கே அமைந்திருந்து, அதன் நீளம் அகலத்தைப் போலப் பத்து மடங்காக இருந்தால், துளையின் முனையில் இழுப்பு 21 மடங்காகப் பெருகிவிடுகிறது. துளை எவ்வளவு கூர்மையாகிறதோ, அவ்வளவுக்கு முனையின் வேதனை மிகுகிறது. 1920ஆம் ஆண்டில் கிரிஃபித் என்பவர், கண்ணாடியில் உள்ள நுண்ணிய கீறல்களே அதன் வலிமையைக் குறைக்கின்றன என்று நிறுவினார். 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்கரான பால் பாரிஸ், ஒவ்வொரு சுமைக்கும் விரிசல் எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு விதியைக் கண்டார். ஆகாய விமானத்தின் உலோகத்துக்காக ஆராயப்பட்ட அவ்விதி, இன்று தார்ச்சாலைக்கும் பயன்படுகிறது.

அதன் சாரம் இதுதான்: விரிசல் சிறியதாக உள்ளபோது மெல்ல வளர்கிறது; பெரிதானபின் விரைந்து வளர்கிறது. தார்க்கலவையினுள் முதலில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல்கள் அங்கங்கே தோன்றுகின்றன. அவை ஜல்லியைப் பிளப்பதில்லை. ஜல்லிகளுக்கு இடையேயுள்ள தார்ப் பசையின் வழியாக, கற்களைச் சுற்றிச் சுற்றி வழி தேடுகின்றன. சில நாளில் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு பெருங்கீறலாகின்றன. அது மேல்முகத்தை எட்டும்போதுதான் நமக்குத் தெரிகிறது. சக்கரம் ஓடும் தடத்தில் முதலில் ஓரிரண்டு கோடுகள். பிறகு குறுக்குக் கோடுகள். முடிவில் முதலையின் தோலைப் போலக் கட்டம் கட்டமாகப் பிளந்த பரப்பு. பொறியாளர்களும் இதை முதலைத்தோல் விரிசல் என்றே அழைக்கிறார்கள். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. வெயிலின் இளஞ்சூட்டில், சுமையில்லாத இடைவேளைகளில், தார் மெல்ல ஒழுகி நுண்கீறல்களைத் தானே ஓரளவு மூடிக்கொள்கிறது. ஓய்வு மனிதருக்கு மட்டும் மருந்து அன்று.

சுமையின் அளவைப் பற்றி ஒரு பெரும் பரிசோதனையைக் கூற வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை, தனியே கட்டிய சோதனைச் சாலைகளில் இராணுவ வீரர்கள் லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சுகள் அச்சாலைகளின்மேல் உருண்டன. அதிலிருந்து கிடைத்த முடிவு உலகெங்கும் சாலைப் பொறியியலுக்கு அடிப்படையாயிற்று. அச்சின் சுமை இரு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. அதாவது சேதம், சுமையின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. 8 டன் அச்சு ஒருமுறை செய்யும் சேதத்தை, அதில் பத்தில் ஒரு பங்கு சுமையுள்ள சிறு கார் செய்ய வேண்டுமானால், அது பத்தாயிரம் முறை ஓட வேண்டும். நம் நாட்டில் நான்கு டயர்களுள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை, 2018ஆம் ஆண்டில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சுமையில் உயர்வு 13 விழுக்காடுதான். நான்காம் அடுக்கில் கணக்கிட்டால், சேதத்தில் உயர்வு ஏறத்தாழ 60 விழுக்காடு. அனுமதித்த அளவுக்கு மேலும் ஜல்லியையும் மணலையும் குவித்துச் செல்லும் லாரி, மறுநாளைய பயணியின் சாலையைத் தின்றுகொண்டு செல்லுகிறது.

சுமைக்கு அடுத்த பகைவன் வெயில். சித்திரை, வைகாசி வெயிலில் கரிய சாலைப் பரப்பின் வெப்பம் 60 பாகையையும் கடக்கிறது. தாரில் உள்ள இலேசான எண்ணெய்ப் பொருள்கள் ஆவியாகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு தாரோடு கூடி அதை இறுகச் செய்கிறது. கருமை வெளிறிச் சாம்பல் நிறமாகிறது. இவ்வாறு முதுமையடைந்த தாருக்கு, வளைந்து நிமிரும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. வண்டிகள் மிகக் குறைவாக ஓடும் சாலையிலும் அகன்ற சதுரங்களாக விரிசல் காண்பது இதனாலேயே. சாலை போடும் நாளிலேயே தாரை அளவுக்கு மீறிக் காய்ச்சினாலும் அது பிறக்கும்போதே கிழமாகிவிடும். கலவை ஆறிப்போனபின் ரோலரை ஓட்டினாலோ, அது நெருங்கிப் படியாது. உள்ளே காற்றறைகள் மிகும். வெயிலும் நீரும் உட்புக வாயில் திறக்கும். சூடு சுமார் 90 பாகைக்குக் கீழே இறங்குமுன் ரோலர் வேலை முடிய வேண்டும் என்று நம் நாட்டு விதிகள் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

மூன்றாவது பகைவன் நீர். விரிசல் வரையில் சாலையின் நோய் மெல்ல நடக்கிறது. நீர் புகுந்தபின் அது ஓடத் தொடங்குகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய மழையை விரிசலற்ற சாலை தன் நடு உயர்ந்த முதுகால் இருபுறமும் வழித்தோட விடுகிறது. விரிசலுற்ற சாலையோ அதைக் குடிக்கிறது. குடித்த நீர் மூன்று கேடுகளைச் செய்கிறது. முதலாவதாக, அடிமண்ணை இளக்குகிறது. உலர்ந்தபோது பாறைபோல் நிற்கும் களிமண், ஊறினபின் சேறாகிவிடும். இதனால்தான் பொறியாளர்கள் அடிமண்ணின் வலிமையை 4 நாள் நீரில் ஊறவைத்தபின் அளக்கிறார்கள். இரண்டாவதாக, கருங்கல் ஜல்லிக்குத் தாரைவிட நீரின்மேல் நாட்டம் அதிகம். நீர் கல்லைப் பற்றிக்கொண்டு தாரை மெல்ல உரித்துவிடுகிறது. மூன்றாவதாக, சக்கரம் மேலே வந்து அழுத்தும்போது, விரிசலில் அடைபட்ட நீர் பீறிட்டெழுந்து, அடியிலுள்ள மென்மண்ணையும் உடன் கொண்டு வெளியேறுகிறது. மழை நின்றபின் விரிசலின் இரு கரைகளிலும் செம்மண் அல்லது வெண்மண் கறை படிந்திருந்தால், சாலை தன் அடித்தளத்தை உமிழ்ந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். அடியில் வெற்றிடம் உண்டானபின் முதலைத்தோலின் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பெயர்கின்றன. அதுவே பள்ளம்.

மெல்லிய போர்வையுள்ள ஊர்ச்சாலையின் நிலை சற்று வேறு. அங்கே தார்ப் படலத்துக்குச் சுமை தாங்கும் பொறுப்பு மிகச் சிறிது. நீர் புகாமல் காக்கும் தோலாகவே அது உதவுகிறது. கீழடுக்கு அசைந்தால் தோலும் பிளக்கும். இருபுறமும் வயல், நடவுக் காலத்தில் வாரக்கணக்கில் தேங்கும் நீர். அந்நீர் பக்கவாட்டில் ஊறிச் சாலையின் விளிம்பை இளக்குகிறது. எதிரே வரும் பேருந்துக்கு வழிவிடக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஓரத்தில் இறங்கி ஏறும்போது, விளிம்புக்கு இணையாக ஒரு நீண்ட விரிசல் ஓடுகிறது. களிமண் பூமியாயின், கோடையில் மண் சுருங்கிப் பிளக்க, அப்பிளவே மேலே சாலையிலும் தெரிகிறது. குடிநீர்க் குழாய்க்காகக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடி, மேலே சிறிது சிமெண்டைப் பூசிய இடத்தையும் நான் பல ஊர்ச்சாலைகளில் கண்டிருக்கிறேன். அவ்வெட்டின் இரு கரைகளிலும் அடுத்த மழைக்குள் இரு கோடுகள் தோன்றிவிடும்.

இவ்வாறு விரிசலின் வடிவமே அதன் வரலாற்றைக் கூறுகிறது. சக்கரத் தடத்தில் முதலைத்தோலைக் கண்டால், அயர்ச்சியும் வலுவற்ற அடித்தளமும் காரணம். பரப்பு முழுவதும் பெரிய சதுரங்களாயின், வெயிலால் முதிர்ந்த தார். விளிம்பையொட்டி நீண்ட கோடாயின், பக்க ஆதரவும் வடிகாலும் இல்லாமை. பேருந்து பிரேக் போடும் இடத்தில் பிறை வடிவமாயின், மேற்படலம் கீழ்ப்படலத்தோடு ஒட்டாமல் வழுக்கியுள்ளது. பழைய சிமெண்டுத் தளத்தின்மேல் தார் போட்ட இடத்தில் நேரான குறுக்குக்கோடாயின், கீழுள்ள இணைப்பின் நிழல் மேலே விழுந்திருக்கிறது.

நோயை அறிந்தால் மருந்தும் எளிதாகும். மெல்லிய விரிசலை, மழைக்காலத்துக்கு முன்பே துடைத்துத் தூசி நீக்கி, இளகிய தாரால் அடைத்துவிட்டால் போதும். செலவு சிறிது, பயன் பெரிது. முதலைத்தோலாக மாறிய இடத்தில் மேலே தார் பூசுவது, புரையோடிய புண்ணின்மேல் சந்தனம் பூசுவது போன்றது. கீழேயுள்ள விரிசலின் முனை உயிரோடு இருக்கிறது. புதிய படலத்தையும் அது துளைத்துக்கொண்டு மேலே வரும். அவ்விடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, அடித்தளத்தைச் சீராக்கி, வடிகாலைத் திறந்துவிட்டு, பின்னரே மேற்படலம் இட வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கை நறுக்கிச் சூடான ஜல்லியின்மேல் தூவி, அதற்கு ஒரு மெல்லிய உறை அணிவித்தபின் தாரோடு கலக்கும் முறையைக் கண்டார். உறையணிந்த கல்லில் நீர் நுழைவது குறைகிறது. தார் நன்கு பற்றுகிறது. 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் அடிமண் இளகிக் கிடக்குமானால், எந்தக் கலவையும் தனித்து நின்று சாலையைக் காப்பாற்றாது.

மாணவ நண்பர்களே, இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச்சாலையில் ஒரு நூறு மீட்டர் நீளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும் அதன் விரிசல்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எவை நீண்டன, எவற்றின் கரையில் மண் கறை படிந்தது, எங்கே நீர் தேங்கி நின்றது என்று குறித்து வையுங்கள். அந்தப் படத்தை ஊராட்சி அலுவலகத்திலோ நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பள்ளம் விழுந்தபின் எழுதும் நூறு விண்ணப்பங்களைவிட, விரிசல் சிறியதாயிருக்கையில் காட்டும் ஒரு படம் அதிகப் பயன் தரும்.